கிருஷ்ணகிரிக்குக் குடிவருகிறவர்களுக்கு: பூட்டு, போன், பக்கத்து வீடு

நாங்கள் கிருஷ்ணகிரிக்கு வந்த ஏழாவது மாதம். ஐந்து நாள் சொந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், வாசல் கொக்கியில் மாட்டிய பையில் நான்கு பால் பாக்கெட்டுகள் ஊதிப்போய்க் கிடந்தன. பால்காரரிடம் சொல்ல மறந்திருந்தோம். முன்கதவுப் பூட்டு அப்படியே தொங்கியது. பின்கதவின் தாழ்ப்பாளைத்தான் நெம்பியிருந்தார்கள். போனவை ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு, அரிசி டின்னுக்குள் வைத்திருந்த 6,000 ரூபாய்.

மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து, "முந்தாநாள் ராத்திரி சத்தம் கேட்டுச்சுங்க. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன். கேக்கலாம்னா உங்க நம்பர் எங்கிட்ட இல்லையே" என்றார்.

ஏழு மாதம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறோம், நம்பர் வாங்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், பேங்க் வேலையோ, ஆசிரியர் வேலையோ, மருத்துவக் கல்லூரியோ, சிப்காட் தொழிற்பேட்டையோ எதற்காக வந்தாலும், செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தர்மபுரிக்கும் ஒசூருக்கும் பெரும்பாலும் இதேதான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

முதல் ஏமாற்று வீடு தேடும்போதே தொடங்கிவிடும். இணையத்தில் அழகான வீட்டுப் படம், வாடகை மற்ற இடங்களைவிடக் குறைவு, உரிமையாளர் வெளியூரில் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். "நிறைய பேர் கேட்கிறார்கள், டோக்கன் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கே" என்பார். வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நேரில் வர முடியாவிட்டால், இங்கே வேலை பார்க்கும் யாரையாவது ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாடகைக்கு என்றால் மின் அட்டை, சொத்துவரி ரசீது இரண்டிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதியவும் வேண்டும் என்பது 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் ஒழிய, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. பெங்களூர்க் கணக்கில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம்.

போக்கியத்துக்கு (மொத்தமாகப் பணம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது) என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மொத்தமாக மூன்று லட்சம், ஐந்து லட்சம் கைமாறுகிற விஷயம். ஒரே வீட்டை இரண்டு பேருக்குப் போக்கியம் விடுவதும், வாடகைக்கு இருப்பவரே உரிமையாளர் போல் நின்று பணம் வாங்குவதும் உண்டு. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிந்த விற்பனை, அடமான விவரம்) கட்டணமில்லாமல் பார்க்கலாம். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் வெறும் பத்திரத் தாளில் எழுதிய, பதியாத போக்கியம் அதில் தெரியாது. அதனால் அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள், உங்கள் போக்கியத்தையும் பதிந்துகொள்ளுங்கள். பணம் பேங்க் வழியாக மட்டும், உரிமையாளர் பெயரில் உள்ள கணக்குக்கு.

குடிவந்த முதல் வாரம்

சாவி உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கையில் இருந்ததோ தெரியாது. பூட்டை மாற்றிவிடுங்கள். முன்கதவுக்கு நல்ல பூட்டு போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். திருடன் வருவது பின்கதவு, மொட்டை மாடிக் கதவு, பாத்ரூம் வெண்டிலேட்டர் வழியாக. பின்கதவில் உள்ள சின்ன அலுமினியத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை நாள் வேலை. திருகு நிலைக்கட்டைக்குள் ஆழமாக இறங்க வேண்டும், மேலாக இறங்கிய அரை அங்குலத் திருகு ஒரு நெம்புக்குக்கூடத் தாங்காது.

செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி, மீட்டர் பெட்டி: சாவி வைக்க வேண்டாம். எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள் என்பது திருடனுக்கும் தெரியும்.

கேமரா வைக்கலாமா என்றால், வையுங்கள், ஆனால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெட்டியில் வந்த கடவுச்சொல்லோடு ஓடும் கேமராவை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும். எனக்குக் கேமராவைவிட மாடி வீட்டு அக்கா மேல்தான் நம்பிக்கை. கேமரா நடந்ததைக் காட்டும், அக்கா "யாருங்க அது?" என்று சத்தம் போடுவார்.

ஆகவே முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை அறிமுகம். இரண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு, தெருமுனை மளிகைக்கடை. பெயர் சொல்லி, எங்கே வேலை என்று சொல்லி, நம்பர் கொடுத்து, நம்பர் வாங்குங்கள். இந்த ஊரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும், வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைய. பேச்சு வேறு மாதிரி இருக்கிறதே என்று யாரையும் சந்தேகப்படத் தொடங்கினால் தெருவில் நடக்க முடியாது. என்னை ஏமாற்றப் பார்த்தவர்கள் எல்லோருமே இனிக்க இனிக்கத் தமிழ் பேசியவர்கள்.

உங்கள் தெரு எந்தக் காவல் நிலையத்து எல்லை என்பதையும் கேட்டு வையுங்கள். டவுனா, தாலுகாவா என்பது ராத்திரி இரண்டு மணிக்குத் தேட வேண்டிய விஷயம் இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112 அல்லது 100.

ஊருக்குப் போகும்போது

கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. எல்லோரும் பஸ்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்தில் போய் நின்றால், ஊரில் பாதி வாடகை வீடுகள் அன்றிரவு பூட்டிக் கிடக்கும் என்று யாருக்கும் தெரிந்துவிடும். பொங்கல், தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பால்காரருக்கும் பேப்பர் போடுபவருக்கும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லி, வாசலைக் கூட்டி ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். நாலு நாளாகக் கூட்டாத வாசல் பூட்டைவிடப் பெரிய அடையாளம். தாழ்ப்பாளில் தொங்கும் பூட்டைவிடக் கதவோடு பதிந்த பூட்டு நல்லது, வெளியே இருந்து பார்த்தால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. நாலு நாளுக்கு மேல் போகிறீர்கள் என்றால் காவல் நிலையத்தில் தெரு, கதவு எண், திரும்பும் தேதி சொல்லிவிடுங்கள். ரோந்து வரும்போது பார்க்கச் சொல்லலாம். நான் முதல் தடவை தயங்கித் தயங்கிப் போனேன், எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறியதும் குடும்பத்தோடு ஸ்டேட்டஸ் போடும் ஆசையைத் திரும்பி வரும்வரை அடக்குங்கள்.

நகையை வீட்டில் வைக்காதீர்கள். பீரோவின் உள் லாக்கரைத்தான் முதலில் உடைப்பார்கள். பேங்க் லாக்கரில் வைத்தால், அங்கே திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை பேங்க் பொறுப்பு என்று 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. லாக்கர் வாடகை 2,000 என்றால் கிடைப்பது 2 லட்சம்தான். நகை அதற்கு மேல் என்றால் தனியாகக் காப்பீடு எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். எதுவானாலும் ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையும் கடைப் பில்லும் சேர்த்து வையுங்கள். புகார் எழுதும்போது "ஒரு செயின், கொஞ்சம் பெரிசு" என்று சொல்லி நிற்கிற நிலைமை வேண்டாம்.

வண்டிக்கு ஹேண்டில் லாக் மட்டும் போதாது, சக்கரத்துக்கு ஒரு பூட்டு போடுங்கள். சென்னை–பெங்களூர் சாலையும் சேலம்–பெங்களூர் சாலையும் இங்கேதான் சேருகின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்தில் கர்நாடக எல்லை, இன்னொரு பக்கம் போனால் ஆந்திரா. வண்டி காணோம் என்றால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தேடிவிட்டு நாளைக்குப் புகார் கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள். காப்பீட்டுக்காரர்கள் எஃப்ஐஆரோடு இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள், மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

வாசலுக்கு வருகிறவர்கள்

பழையபேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவின் வீட்டில் நடந்தது. பகல் பதினொரு மணி, ஆண்கள் இல்லாத நேரம். டை கட்டிய இரண்டு பையன்கள், கையில் ஒரு பொடி பாக்கெட். "விளம்பரத்துக்கு வந்திருக்கோம்மா, காசு வேண்டாம்." முதலில் வாசலில் இருந்த பித்தளைச் சொம்பைத் தேய்த்தார்கள், பளபளத்தது. அடுத்து வெள்ளிக் கொலுசு, அதுவும் பளிச். பெரியம்மாவே வளையலைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு கிண்ணத்தில் ஏதோ தண்ணீரை ஊற்றி வளையலைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆட்டி, எடுத்து மஞ்சள் பூசி ஒரு டப்பாவில் வைத்தார்கள். "பத்து நிமிஷம் கழிச்சுக் கழுவுங்கம்மா" என்று சொல்லிக் கிண்ணத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கழுவிப் பார்த்தால் வளையல் இருந்தது. எடை போட்டால் இரண்டு பவுனில் ஒன்றேகால்தான் இருந்தது.

அந்தத் தண்ணீர் ராஜதிராவகம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தது, தங்கத்தைக் கரைக்கும். கரைந்த தங்கம் பாட்டிலில் போய்விட்டது, அதை அவர்கள் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். நகை பாலிஷ் என்று வாசலுக்கு யார் வந்தாலும் கதவைத் திறக்காமலே அனுப்புங்கள்.

கேஸ் அடுப்புச் சோதனை, தண்ணீர் சுத்திகரிப்புச் சோதனை, ஏதோ திட்டத்துக்குக் கணக்கெடுப்பு என்று வருகிறவர்களிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். கிரில்லுக்கு அந்தப் பக்கமே நின்று பேசட்டும். உண்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே, பேங்கிலிருந்து பணத்தோடு வரும்போது கீழே பத்து ரூபாய் நோட்டுகள் சிதறிக் கிடந்து "சார், உங்க பணம் விழுந்துடுச்சு" என்று யாராவது சொன்னால் குனியாதீர்கள். சட்டையில் கறை, முதுகில் அரிப்பு, வண்டி டயர் பஞ்சர் எல்லாமே அந்தக் குடும்பம்தான். பையை விட்டுக் கை எடுக்க வைப்பதுதான் நோக்கம். காலையில் கோலம் போடும்போது, வண்டியில் வந்து வழி கேட்கிறவரிடம் பக்கத்தில் போய்ப் பதில் சொல்ல வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே கை காட்டினால் போதும்.

போன்

இப்போதெல்லாம் பின்கதவை நெம்புகிறவர்களைவிட இவர்கள்தான் அதிகம் கொண்டுபோகிறார்கள்.

குடிவந்த புதிதில் எனக்கு வந்த செய்தி: "கடந்த மாத மின்கட்டணம் செலுத்தப்படவில்லை. இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும். இந்த எண்ணை அழைக்கவும்." வீட்டில் கைக்குழந்தை, சித்திரை வெயில். பழைய குடித்தனக்காரர் பாக்கி வைத்திருப்பாரோ என்று தோன்றியது. அழைத்தேன். மறுமுனையில் ஒரு மரியாதையான குரல், "சார், பத்து ரூபாய் மட்டும் கட்டி அப்டேட் பண்ணிடலாம், ஒரு ஆப் அனுப்புறேன்." ஆப் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன், எந்த ஈபி ஆபீஸ் என்று. அவர் கணக்கு நோட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: "ஈபிக்காரன் என்னிக்குத் தம்பி பியூஸ் புடுங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கான்?" போனை அணைத்தேன். அந்த ஆப், நம் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டும் வகை. பத்து ரூபாய் கட்டப் பின் எண் போட்டிருந்தால் மீதியை அவர்களே எடுத்திருப்பார்கள். மின்வாரியத்தில் சந்தேகம் என்றால் 'மின்னகம்' எண் 94987 94987.

இதே வலையின் வேறு வேறு முகங்கள்: வாகன அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை, விவசாயி உதவித்தொகைப் பட்டியல் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே ஏமாற்றுக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. ஏற்றாதீர்கள்.

பழைய கட்டில், வாஷிங் மெஷின் விற்க விளம்பரம் போட்டால், பேரம் பேசாமல் வாங்குகிறேன் என்பவர் கியூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க, பணம் வரும்" என்பார். யுபிஐ பின் பணம் போவதற்குத்தான். வருவதற்குப் பின் தேவையே இல்லை.

கூரியர்க்காரர் என்று ஒருவர் அழைத்து, ஸ்டார் 401 ஸ்டார் என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால், உங்கள் அழைப்புகளை அவர் போனுக்குத் திருப்பிக்கொள்கிறார் என்று அர்த்தம். தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# அழுத்தினால் திருப்பியது ரத்தாகும்.

போலீஸ் உடுப்பில் வீடியோ அழைப்பு, உங்கள் ஆதாரில் போதைப் பார்சல், கேமரா முன்னாலேயே உட்காருங்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். இதை 'டிஜிட்டல் கைது' என்பார்கள். அப்படி நம் சட்டத்தில் எதுவும் இல்லை. இதில் படிக்காதவர்களைவிட ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதிகாரிகளும் மாட்டுவதைப் பார்க்கிறோம். அவர்களுக்குத்தான் அரசாங்கக் கடிதத்துக்குப் பயப்படும் பழக்கம். உங்களோடு பெற்றோர் இருந்தால் இதை இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னதும் செய்ய வேண்டியது, போனை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சொல்வது.

வேலை தேடி வரும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக இரண்டு விஷயம். ஒசூர்ப் பக்கம் தொழிற்சாலை நிறைய வருகிறது, ஆள் எடுப்பதும் உண்மை. ஆனால் யூனிபார்முக்கு 3,000, மெடிக்கலுக்கு 2,000, டெபாசிட் 10,000 என்று முன்பணம் கேட்பவர் ஏஜென்ட் என்ற பெயரில் சுற்றும் ஆள். கம்பெனி கேட்டுக்கே போய் விசாரியுங்கள். இரண்டாவது, "உன் பேங்க் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்" என்று அறைத்தோழனே கேட்டாலும் கொடுக்காதீர்கள். யாரிடமோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் அறை வாசலில்.

ஆசையில் போவது

மண்ணுளிப் பாம்பு கோடிக்குப் போகும், கோபுரக் கலசத்தில் இரிடியம் அரிசியை இழுக்கும், ஜேசிபி தோண்டும்போது தங்கப் புதையல் கிடைத்தது என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். புதையல் கதையில் முதலில் தரும் ஒரு குண்டுமணி நிஜத் தங்கமாகவே இருக்கும், ஆசாரி உரசிப் பார்த்தாலும் சரியாகவே சொல்வார். பணத்தோடு போகும்போது கிடைக்கும் மாலைதான் பித்தளை. மண்ணுளிப் பாம்பை வைத்திருந்தால் வனத்துறை வழக்கு வேறு.

சீட்டு என்பது இங்கே சாதாரணம், தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, ஏலச் சீட்டு. பதிவு பெற்ற சீட்டா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருகிறேன் என்ற நிறுவனத்தில் முதல் மூன்று மாதம் வட்டி வரும். அது பின்னால் சேர்ந்தவரின் பணம். டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பார்க்கலாம், புகாரும் அங்கேயே கொடுக்கலாம்.

நடந்துவிட்டால்

பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். அடுத்து பேங்கை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள், மாவட்டத்திலேயே சைபர் குற்றக் காவல் நிலையமும் உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் திருடனுக்குக் கிடைக்கும் போனஸ்.

உங்கள் தவறோ பேங்கின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் வழியில் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் பேங்குக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையது இல்லை என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில். பேங்குக்குத் தெரிவித்த பிறகும் போனால் அது பேங்கின் தலையில். எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம்.

போன் தொலைந்தால் சிம்மை முடக்கி, புகார் நகலோடு 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) கொடுத்துப் போனையே முடக்கலாம். அந்த எண் வேண்டும் என்றால் இப்போதே *#06# அழுத்தித் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் அதே தளம் காட்டும்.

வீட்டில் திருட்டு என்றால் உள்ளே போய் எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். நாங்கள் அந்தத் தவறையும் செய்தோம், என் மனைவி கலைந்த பீரோவை மடித்தே வைத்துவிட்டார். கைரேகை எடுக்க வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார். வெளியே நின்று 112, வரும்வரை பக்கத்து வீட்டில் உட்காருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இணையவழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசம். புகாரைப் பெற்றதற்கான வெறும் சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பினால், வாங்கிக்கொண்டு, எஃப்ஐஆர் எப்போது என்று கேளுங்கள். காப்பீடு கேட்க அதுதான் வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. 112, 1930, மின்னகம், பேங்க், காவல் நிலையம். எல்லாவற்றுக்கும் மேலே, என் மகள் ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதிய மாடி வீட்டு அக்காவின் நம்பர்.